முப்பதாயிரம் வோல்ட் தண்ணீர்

"தொண்ணூறு நாள் ஆச்சு சார். எங்காத்துல ஒருத்தருக்கும் வயித்துக் கோளாறு இல்லை."

ஸௌரிராஜன் நோட்டை நீட்டினான். 1995 கோடை. அடையாறு ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீருக்குள் முப்பதாயிரம் வோல்ட் மின்பொறி பாய்ச்சிக் கிருமிகளைக் கொல்வதுதான் அவன் ஆராய்ச்சி. தினமும் அதில் ஒரு கேன், வீட்டார் குடித்துப் பார்க்க, ஸ்கூட்டரில் மயிலாப்பூர் வீட்டுக்கு வரும். நேரில் பார்க்க வந்திருந்தார் பேராசிரியர் அய்யாதுரை.

"வீட்ல பயப்படலையா?"

"மொதல்ல ஷாக் அடிக்கும்னு பயந்தா சார். இப்போ பழகிடுத்து. பத்மாசனி, சாருக்குத் தீர்த்தம் கொண்டா."

மனைவி கொண்டுவந்த டம்ளரை அய்யாதுரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

"அருமையா இருக்கு. ரிப்போர்ட் அனுப்பிடலாம்."

கிளம்பும்போது பால்கனியில் நின்றுவிட்டார். தொட்டியிலிருந்த மல்லிகையில் இலை தெரியாமல் மொட்டு.

"எங்க வீட்ல இதே செடி காஞ்சு கிடக்கு. என்ன உரம்மா போடறீங்க?"

பத்மாசனி கணவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"உரமே இல்லை சார். இவர் கொண்டுவர தண்ணிதான். கரண்ட் பாஞ்சதைக் கொழந்தைக்குக் குடுக்க மனசு வரலை. தொண்ணூறு நாளும் இதுக்குத்தான் விட்டேன்."

"அப்போ நாங்க குடிச்சது?" ஸௌரிராஜன் கத்தினான்.

"கொழாத் தண்ணி. நன்னாக் காய்ச்சி வடிகட்டினேன்."

அய்யாதுரை நோட்டை வாங்கித் தொண்ணூறு நாளையும் குறுக்கே அடித்தார். புதுப் பக்கம் புரட்டினார்.

"மின்னலோட பேஞ்ச மழைக்குத்தான் பயிர் தளதளன்னு வரும்னு எங்க அப்பா சொல்வார். சொல்லும்மா, ஒரு நாளைக்கு எத்தனை முழம் பூ வருது?"