கச்கினின் தொப்பி

"கச்கின் வர்றான்! அவங்கவங்க சேவலைப் பிடிச்சு உள்ளே விடுங்க!"

சய்ரா அக்கா கத்தியதும் குடியிருப்பு முற்றமே சிரித்தது.

அக்காவின் கோபம் நியாயமானதுதான். நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும். அதுதான் சுயுன்ச்சு. மறுத்தால் வந்த சந்தோஷம் வீட்டில் தங்காது. அக்காவுக்குப் பேரன் பிறந்த அன்று முதலில் ஓடிவந்தவர் கச்கின் அண்ணன். கேட்டது, இருந்த ஒரே சேவலை.

அவர் தலையிலிருக்கும் ரோமத் தொப்பிகூட, யாரோ கல்லூரியில் தேறிய சேதியைச் சொல்லி வாங்கியதுதான். ஜூன் வெயிலிலும் கழற்ற மாட்டார்.

இன்று கையில் பென்சிலும் சூரியகாந்தி விதைப் பொட்டலமுமாக வந்து, முற்றத்தில் வைத்திருந்த டிவிக்கு நேரெதிரே உட்கார்ந்தார். பொட்டலம் முழுக்கக் கணக்கு.

எங்கள் குடியிருப்புப் பெண் ஜிப்பார், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் கோல்கீப்பர். ஆசியப் போட்டிக்கான தகுதிச் சுற்றில், தங்கள் பிரிவில் அவர்களுக்கு இரண்டாமிடம். எல்லாப் பிரிவிலும் இரண்டாமிடம் வந்த அணிகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய்ப்பு. அது நமக்கா, வேறொரு பிரிவில் ஆடும் பச்சைச் சட்டைக்காரிகளுக்கா என்பதை அந்தப் பச்சை அணியின் இன்றைய ஆட்டம் சொல்லிவிடும்.

"பச்சை ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சா நம்ம கதை முடிஞ்சுது."

"ஒண்ணுல ஜெயிச்சா?"

"புள்ளி, கோல் எல்லாமே சமம்."

"அப்போ சீட்டு குலுக்குவாங்களா?"

"மஞ்சள் அட்டையை எண்ணுவாங்க, கம்மியா வாங்கினவங்க உள்ளே," என்றார் கச்கின். "இதுவரைக்கும் ரெண்டு பக்கமும் மூணு மூணு."

ஜிப்பாரின் அப்பா ஜோல்தோஷ் மட்டும் வரவில்லை.

"போட்டி நடக்கறது வெளிநாட்டுல. பொண்ணை அங்கெல்லாம் அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் எதுக்கு ஆட்டம் பார்க்கணும்?" என்று சொல்லிவிட்டு, பின்பக்கக் கொட்டகையில் தன் வேனுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜிப்பாரின் தங்கை பெர்மெத், ஓடுவதற்குத் தயாராகக் காலணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். சேதியை முதலில் சொல்லி அப்பாவிடம் சைக்கிள் கேட்பது என்று ஒரு வாரமாகத் திட்டம்.

எண்பதாவது நிமிடம், பச்சை ஒரு கோல் போட்டது.

கடைசி நிமிடத்தில் ஒரு பச்சைச் சட்டைக்காரி, பந்தோடு ஓடியவளின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் அட்டை!

ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது.

"இப்போ நாம உள்ளயா, வெளியயா?"

"இருடி, எண்ணிட்டிருக்கேன்."

கச்கின் எண்ணவில்லை. விதையெல்லாம் சிதற எழுந்து, பெர்மெத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு கொட்டகைக்குப் பறந்தார்.

"ஐயோ, தகுதி பெற்றுட்டோம்!"

"பாவி, குழந்தையோட சுயுன்ச்சுவையும் பிடுங்கப் போறானே! வெட்கமே கிடையாதா?" சய்ரா அக்கா துடைப்பத்தோடு துரத்தினார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும்.

வேனுக்கடியில் ஜோல்தோஷ் கையில் ஸ்பேனர் இல்லை. மல்லாந்து படுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வேண்டிக்கொண்டிருந்தார்.

"சுயுன்ச்சு! ஜோல்தோஷ், சுயுன்ச்சு! உன் பொண்ணு ஜெயிச்சுட்டா! ஒரே ஒரு அட்டையில!"

வெளியே வந்த ஜோல்தோஷின் முகமெல்லாம் கிரீஸும் கண்ணீரும்.

"கேளு கச்கின்! என்ன வேணும்? ஆடா? குதிரையா? இந்தா, இந்த வேனையே எடுத்துக்கோ!"

"எடுத்துப்பான், எடுத்துப்பான்," என்றார் சய்ரா அக்கா.

கச்கின் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். அவருடைய வழுக்கையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். தொப்பிக்குள்ளிருந்து, வியர்வையில் நனைந்து நாலாக மடிந்த ஒரு காகிதம் வந்தது.

"பொண்ணு வெளிநாடு போக அப்பாவோட சம்மதக் கடிதம். கையெழுத்துதான் பாக்கி. நாளைக்கு ஒன்பது மணிக்கு நோட்டரி ஆபீஸுக்கு வந்துடு. வரிசையில உன் பேரைப் போன வாரமே எழுதி வெச்சுட்டேன்."