சிவப்பு வளையம் வரை தண்ணீர்

மணல்திட்டில் மாட்டிய ஒன்பதாம் நாள், தூர்வாரும் நிதியைத் தீர்மானிக்கிற பொறியாளர் முகாடி விசைப்படகில் வந்து சேர்ந்தார்.

எங்கள் சரக்குப் படகு லுலோங்கா ஆற்றின் நட்டநடுவில், வயிறு மண்ணில் பட, அசையாமல் உட்கார்ந்திருந்தது. மக்காச்சோள மூட்டைகள் முளைவிட ஆரம்பித்திருந்தன. என் மனைவி பொலும்பு எம்பண்டாக்கா சந்தைக்குக் கொண்டுபோன புகைமீன் கூடைகளில் புழு வைத்துவிட்டது. அவள் ஆற்றையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் என்னை.

படகு முதலாளி தெளிவாகச் சொல்லியனுப்பியிருந்தார். நிதி வந்து ஆற்றைத் தூர்வாரினால் சரி. இல்லாமல் அடுத்த வருஷமும் இப்படி மாட்டினால், படகை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவாராம். இருபத்திரண்டு பேருக்கு வேலை போகும். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

என் வேலை, படகின் முன்முனையில் நின்று கம்பைத் தண்ணீரில் ஊன்றி ஆழம் சொல்வது.

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நீளக் கம்பு. அதில் ஒரே ஒரு சிவப்பு வளையம். தண்ணீர் வளையத்தைத் தொட்டால் படகு போகலாம். தொடாவிட்டால் படகுத்துறை அதிகாரி அனுமதிச் சீட்டு தரமாட்டார், கோடை முழுக்க எல்லாரும் கரையில் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஒவ்வொரு கோடையிலும் புறப்படும் முன் அவர் கண்ணெதிரே ஊன்றிக் காட்ட வேண்டும்.

நிதிக்கும் அதே விதிதான். வளையம் தண்ணீருக்கு மேலே நின்றால் ஆறு வற்றிவிட்டது, நிதி உண்டு. வளையம் மூழ்கினால் கிடையாது.

அரசாங்க முத்திரை உள்ள கம்புதான் செல்லும். முத்திரையைக் கம்பின் மேல்முனையில் சுட்டு வைத்திருப்பார்கள். முகாடி வந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் முதலில் பார்த்தார். தடவிக்கூடப் பார்த்தார்.

"முத்திரை சரியா இருக்கு. ம், ஊன்று."

ஊன்றினேன். முழுதாக ஊன்றவில்லை. அடிமண்ணைத் தொடாமல் மூன்று சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வளையம் மேலதான் நிக்குதுங்க ஐயா. தண்ணி பத்தல."

ஆற்றின் உண்மையான ஆழம் அதுதான். சத்தியமாக. மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் உண்மையைச் சொன்னேன்.

முகாடி வாய்விட்டுச் சிரித்தார்.

"எத்தனை ஆத்தப் பாத்துட்டு வந்திருக்கேன்! நிதி வருதுன்னு தெரிஞ்சா எல்லாப் பயலும் கம்பத் தூக்கித்தான் பிடிக்கிறான். குடுறா இங்க."

கம்பைப் பிடுங்கித் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார். நல்ல எடை. சிவப்பு வளையம் தண்ணீருக்குள் போய் மறைந்தது.

படகோட்டி லொக்வா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, தண்ணி இருந்தா நாங்க எதுக்கு ஒம்பது நாளா இங்க உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம்?"

"தண்ணி இருக்குய்யா. உனக்குத்தான் படகு ஓட்டத் தெரியல."

முப்பது வருஷமாக அந்த ஆற்றில் ஓட்டுகிற மனிதர். அழாத குறையாக என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் நிதி வரும், அதே கையோடு நாங்கள் இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

முகாடி அறிக்கை எழுத உட்கார இடம் கேட்டார்.

பொலும்பு விறுவிறுவென்று சமையல் பக்கம் போய்த் தன் குட்டைப் பலகையை எடுத்துவந்து போட்டாள். அடுப்பெதிரே அவள் உட்காருகிற பலகை. கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

முகாடி அதில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து, 'போதிய நீர் உள்ளது, தூர்வார அவசியமில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். கையொப்பமிடக் குனிந்தபோது பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மனிதர் விழப் பார்த்தார்.

கீழே குனிந்து பார்த்தார்.

நாலு மூலைப் பலகை. மூன்றே கால்கள். மூன்றும் சரியாக ஒரு சாண் உயரம். மூன்றிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை.

முத்திரை கம்பின் மேல்முனையில் இருக்கிறது. கீழ்முனையை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோடையிலும், அனுமதிச் சீட்டுக்காகக் கம்பை ஊன்றிக் காட்டுவதற்கு முந்தின நாள், லொக்வா கம்பைப் பிடித்துக்கொள்வார், நான் அடியில் ஒரு சாண் அறுத்துவிடுவேன். அந்த வருஷமும் படகு கிளம்பிவிடும். நல்ல மரத்தை வீணாக்க பொலும்புவுக்கு மனசு வராது.

"பரவாயில்லையே, கம்புக்கு அடிச்ச பெயிண்டையே இதுக்கும் அடிச்சிருக்கீங்க" என்றபடியே முகாடி கையொப்பமிட்டு முடித்தார். "ஆனா ஒரு கால் குறையுதேம்மா?"

"அதுக்கென்னங்க ஐயா" என்றாள் பொலும்பு, அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி. "அடுத்த வருஷம் வந்துரும்."