வாய்க்கு என்ன கேக்குது?

மகிழினிக்கு மூன்றாம் மாதம். ஊரிலிருந்து வந்த அம்மா பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்டாள்: "வாய்க்கு என்னடி கேக்குது?"

மகிழினியின் வாய்க்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பிஸ்கட் டின்னைக் காலி செய்துவிட்டு அழுதவள்தான். சாப்பாட்டு ஆசையை அடக்கவென்று காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மின்வில்லையைப் பதித்த பிறகு ஆசை என்பதே இல்லை. அது ஒலித்தால் உட்கார்ந்து சாப்பிடுவாள், மறுபடி ஒலித்தால் எழுந்துவிடுவாள்.

"வெக்கப்படாம சொல்லுடி."

"மாங்கா" என்றாள், எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்.

அம்மா வெயிலில் கடை கடையாக அலைந்து கிளிமூக்கு மாங்காய் வாங்கி வந்தாள். நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நீட்டினாள். மகிழினி ஒரு துண்டைக் கடித்தாள். புளித்தது, அவ்வளவுதான்.

பேச்சுவாக்கில் அம்மாவும் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணைச் சுருக்கிச் சப்புக்கொட்டினாள். அடுத்த துண்டுக்கு நீண்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு வாங்குனத நான் தின்னுட்டிருக்கேன் பாரு."

மகிழினி தட்டை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கு இன்னொன்னு வேணும்னு தோணுச்சே... அது எப்படிம்மா இருந்துச்சு? சொல்லேன்."