அமீனா அக்காவின் சின்னக் கெட்டில்

"எனக்கு மட்டும் எதுக்குங்கக்கா அந்தச் சின்னக் கெட்டில்ல இருந்து ஊத்தறீங்க?"

தமிழரசு கேட்டதும் டீக்கடையில் நின்ற நாலைந்து டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அமீனா அக்கா கெட்டிலை அடுப்போரம் இறக்கினார். டம்ளரை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

சங்ககிரி பைபாஸில் அக்காவின் மூலிகை டீயைக் குடிக்காமல் வண்டி எடுக்கிற டிரைவர் குறைவு. சுக்கு, மிளகு, துளசி, சித்தரத்தை, அதிமதுரம் என்று கைப்பக்குவமாகப் போட்டுக் கொதிக்க வைப்பார். நாலு நாள் புகையும் புழுதியும் தின்ற தொண்டையை ஒரே டம்ளர் திறந்துவிடும். குடித்து முடித்த பிறகும் நாக்கில் ஒரு தித்திப்பு நிற்கும். காலையில் பெரிய போசிப் பாத்திரம் நிறையப் போடுவார், பத்து மணிக்குள் காலி.

அந்தத் தித்திப்புதான் ஒரு மாதமாகத் தமிழரசுக்குக் கிடைக்கவில்லை. அவன் தலையைக் கண்டாலே அக்காவின் கை சின்னக் கெட்டிலுக்குப் போய்விடுகிறது.

இன்றைக்கென்று பார்த்து லாரி ஓனர் தீனதயாளன் வேறு பக்கத்தில் நின்றார். புனேவுக்கு ஜவ்வரிசி லோடு. அனுப்பி வைக்க வந்தவர்.

ஓனர் முன்னால் மட்டமாக நடத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதிலும் தமிழரசு அவர் எதிரில் எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே நிற்பான். காரணம் இருந்தது. அவனுக்கு பிரஷர். மாத்திரையை விடாமல் போட்டால் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஓனருக்கு அந்தப் பேச்சே ஆகாது. போன வருஷம் டிரைவர் மாரிக்கு பிரஷர் என்று காதில் விழுந்த அன்றே லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். மாரி இன்னும் இந்தக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி வேலை கேட்டுக்கொண்டிருக்கிறான். அதனால் தமிழரசு இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

"தித்திப்பே இல்லீங்களே. பழைய சக்கையவே மறுபடி கொதிக்க வெச்சு எனக்கு ஊத்தறீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க தம்பி."

"அப்ப அந்தப் பெரிய போசியில இருந்து ஊத்துங்க."

"அது வேண்டாங்க தம்பி."

"நானே ஊத்திக்கறேன்." தமிழரசு கரண்டியை எடுத்தான்.

அக்கா என்ன நினைத்தாரோ, போசியைத் துணியால் பிடித்துத் தூக்கி, இருந்த டீ முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்.

"இன்னைக்குப் போட்டது சரியில்லீங்க. கெட்டுப்போச்சு."

டம்ளரும் கையுமாக நின்றவர்களின் முகம் மாறியது. ஒருவர் வாயில் இருந்ததைத் துப்பினார். "நல்ல கடைன்னு நம்பி வந்தம் பாரு," என்று முனகிக்கொண்டே இன்னொருவர் நகர்ந்தார்.

"இத்தன நாளும் இப்படித்தான் ஊத்துனீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, தார்ப்பாய்க் கயிற்றைச் சரிபார்க்க லாரிப் பக்கம் போனார் ஓனர். கடை காலியாகிவிட்டது.

தமிழரசுக்கு இன்னும் ஆறவில்லை. "எனக்குக் குடுக்க மனசில்லாமச் சாக்கடையில ஊத்துனீங்களே, அப்படி நான் என்னங்க பண்ணிட்டேன்?"

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் உங்க சட்டைப் பையில இருந்து மாத்திரை அட்டை விழுந்துச்சே, நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன். எங்க ஊட்டுக்காரரும் அதே பிரஷர் மாத்திரைதான் போடறாரு. அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதான். ஆனா பிரஷர் இருக்கறவங்க தினமும் குடிச்சா ஏத்திவிட்டுரும்னு சித்த மருத்துவரு சொல்லியிருக்காரு. அதனால அது போடாம, எங்க ஊட்டுக்காரருக்கும் உங்களுக்கும் தனியா வெக்கறேன்."

தமிழரசு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். இந்த மனுஷியையா நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டோம் என்று கூசிப்போனான்.

"கேட்டப்பவே இதச் சொல்லியிருக்கலாமேங்கக்கா. இப்படிக் கடை பேரைக் கெடுத்துக்கிட்டீங்களே."

அக்கா காலிப் போசியைக் கழுவ எடுத்துக்கொண்டே லாரிப் பக்கம் பார்த்தார்.

"கெட்ட பேர நாளைக்கு நல்ல டீ போட்டுச் சரி பண்ணிக்குவேன் தம்பி. ஆனா பக்கத்துலயே உங்க ஓனர் நின்னுட்டு இருந்தாருங்களே."