காலிக் கட்டங்கள்

மருந்துச் சோதனையின் அட்டவணையில், புது மருந்து சாப்பிட்ட நாற்பது பேரில் ஒன்பது பேருக்கு இரண்டாவது ரத்த அளவுக் கட்டம் காலி. அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். பழைய மருந்துக்காரர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

“முன்னளவையும் பின்னளவையும் ஒப்பிடுற டெஸ்டைப் போடும்மா. ரெண்டுல ஒரு அளவு இல்லேன்னாலும் அந்த ஆளைக் கணக்குலேர்ந்து அதுவே விட்டுடும்,” என்றார் தலைமை மருத்துவர்.

புள்ளியியல் பார்க்கும் தமயந்தி, செத்தவர்களையும் கணக்கில் சேர்க்கும் வேறு மூன்று சோதனைகளைச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் அதையே போட்டாள். மருந்து ஜெயித்தது.

முடிவுத் தாளோடு அவள் வெளியே வந்தபோது, வராந்தாவில் சவரிமுத்துவின் மனைவி காத்திருந்தாள். அந்த ஒன்பது பேரில் சவரிமுத்துவும் ஒருவர்.

“நாலு பேருக்கு உதவட்டும்னுதான் கையெழுத்துப் போட்டாரு. அவரும் இதுல இருக்காருல்ல, டாக்டரம்மா?”

“இருக்காரும்மா,” என்ற தமயந்தி, தாளில் ‘முப்பத்தொரு நோயாளிகள்’ என்றிருந்த வரியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டாள்.