ஆற்றங்கரையில் தங்க வந்தவர்

“தம்பி, நீ குடிப்பியா?”

“இப்பத்தான் குடிச்சேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு ஒண்ணு போடவா?” என்றான் முத்துச்செல்வம், அடுப்பில் பொங்கிய பாலைப் பார்த்துக்கொண்டே.

“டீய கேக்கல. மத்தத.”

முத்துச்செல்வம் நிமிர்ந்தான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம்பிராஜன் சமையல்கட்டு வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். ராயகிரியிலிருந்து நேற்று ஒற்றைப் பையோடு தனியாக வந்து இறங்கியவர்.

“அந்தப் பழக்கம் கிடையாது.”

“சுத்தமா கிடையாதா, இல்ல விசேசத்துக்கு மட்டுமா?”

“சுத்தமா கிடையாது.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு அவர் ஆற்றுப் பக்கம் நடந்தார்.

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பெரிய லாட்ஜுகளில் இடம் கிடைக்காதவர்களும், கையைக் கடிக்காத வாடகை தேடுகிறவர்களும் சிற்றாற்றங்கரையில் முத்துச்செல்வம் நடத்தும் தகரக் கூரை அறைகளுக்கு வந்துவிடுவார்கள். கயிற்றுக் கட்டில், ஆற்றுக் குளியல், அவன் கையால் சோறு. ஏசியும் கிடையாது, டிவியும் கிடையாது. தங்க வருகிற எல்லோருமே ஏதாவது குறை சொல்வார்கள். அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் இவரைப் போல ஒருவரை அவன் பார்த்ததில்லை.

வந்ததிலிருந்து கேள்விதான். வெள்ளம் வந்தால் யார் முழித்திருப்பார்கள்? பெண்கள் குளிக்க மறைப்பு உண்டா? சீசன் முடிந்தால் பிழைப்புக்கு என்ன வழி? இடம் சொந்தமா, குத்தகையா? நேற்று சாயங்காலம் அவன் குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே எட்டிப் பார்த்து, “மழைக்கு ஒழுகுமா?” என்று வேறு கேட்டார்.

“நீங்க தங்கியிருக்கது அங்கன அண்ணாச்சி. இது என் வீடு.”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

“ஒங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காவ?”

“நானும் மருமகளும்தான்.”

அதோடு நிறுத்திக்கொண்டார். மகன் வெளிநாட்டில் இருப்பான் போல என்று முத்துச்செல்வம் நினைத்துக்கொண்டான். போகப் போக அவனுக்குச் சந்தேகம் வந்தது. மெயின் ரோட்டு லாட்ஜுக்காரன் எவனாவது வேவு பார்க்க அனுப்பிய ஆளாக இருக்குமோ?

மத்தியானம் ஒரு தகராறு. அறை எடுத்திருந்த நாலைந்து வாலிபர்கள் போதையில் படித்துறையில் உட்கார்ந்து, சிவகிரியிலிருந்து வந்து தங்கியிருந்த பெண்களைக் குளிக்கவிடாமல் கேலி பேசினார்கள். முத்துச்செல்வம் அவர்கள் பைகளை எடுத்து ரோட்டில் வைத்துவிட்டான். “ஒன் தகரக் கொட்டாய பத்தி போன்ல கிழிச்சு எழுதுதோம் பாரு. இனிமே ஒரு பய வரமாட்டான்” என்று கத்திவிட்டுப் போனார்கள். தகரக் கொட்டாய். போன மாதம் அச்சன்புதூரில் பெண் வீட்டாரும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அவனை வேண்டாம் என்றார்கள்.

அந்த எரிச்சல் அடங்குமுன் நம்பிராஜன் வந்து நின்றார். முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

“செத்த உக்காரு தம்பி. ஒண்ணு கேக்கணும்.”

“இன்னும் என்ன?”

“நாப்பத நெருங்குதே, நீ ஏன் இன்னும் கல்யாணம் பண்ணல?”

தாழ்வாரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், முத்துச்செல்வத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“ஒமக்கு எதுக்குவே அது? வந்தமா, குளிச்சமா, போனமான்னு இல்லாம, குடிக்கியா, ஒழுகுதா, ஏன் கல்யாணம் ஆகலன்னு உசுர வாங்குதீரு! வீட்டுல மருமக சோறு போடாம வெரட்டிட்டாளோ? அந்த எரிச்சல இங்கன வந்து தீக்கீரோ?”

பெரியவர் முகம் சுண்டிப்போனது.

“என்னைய என்ன வேணாலும் சொல்லு. அந்தப் பிள்ளையச் சொல்லாத.”

அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். சாரலில் நனைந்தபடியே ரோட்டுக்கு ஏறினார். குடையாவது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று முத்துச்செல்வத்துக்குத் தோன்றியது. ரோஷம் விடவில்லை. தென்காசிப் பக்கம் போன ஆட்டோ ஒன்று அவரை ஏற்றிக்கொண்டு மறைந்தது.

பொழுது சாயச் சாய அவனுக்கு மனசு கேட்கவில்லை. அவர் தங்கியிருந்த அறையைத் திறந்தான். போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தரை பெருக்கியிருந்தது. பாவம், வீட்டில் பேச ஆளில்லாத மனுஷன். நாலு வார்த்தை பேசினதைத் தவிர அவர் என்ன தப்பு செய்தார்? எப்படியாவது அவரைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அச்சன்புதூரிலிருந்து அக்கா ஆனந்தவள்ளி போனில் கூப்பிட்டாள்.

“ஏலே முத்து, நம்பிராஜன் மாமா இருக்காவளா, கெளம்பிட்டாவளா?”

“அவர ஒனக்கு எப்படிக்கா தெரியும்?”

“நாந்தாம்லே அனுப்புனேன். ‘முன்கூட்டியே சொன்னா அவன் நல்லவனா நடிப்பான், ரெண்டு நாள் கூட இருந்து நானே பாத்துக்கிடுதேன்’னுட்டாவ” என்றாள். அக்காவின் குரலில் சந்தோஷம் பொங்கியது. “மகன் தவறினதுல இருந்து மருமகள மகளாத்தான் வச்சிருக்காவ. அந்தப் பிள்ளைக்குத்தாம்லே ஒன்னைய மாப்பிள்ளை பாக்க வந்தாவ. மத்தியானம் போன் பண்ணி, ‘இப்படி ஒரு பையன் கிடைக்கமாட்டான், இந்தா இப்பமே அவங்கிட்ட பேசி முடிச்சிருதேன்’னு சொன்னாவளே... பேசுனாவளா?”