மாமியாருக்காக ஒரு வெல்டிங்

கறிக்கு வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி, கணவன் சதீஸ்குமாரின் இரண்டு கண்களின் மேலும் வைத்தாள் விதுஷா.

“கறுப்புக் கண்ணாடி போடாம யாராவது வெல்டிங் அடிப்பாங்களா?”

“யூடியூப்ல அந்த ஆளும் போடலையே!” என்று முனகினார் சதீஸ்குமார்.

“அந்த ஆளு தன் கண்ணு போன கதைய அடுத்த வீடியோவுல சொல்லுவாரு. அதையும் பார்த்துட்டு ஆரம்பிச்சிருக்கலாமே?”

சதீஸ்குமார் அரசாங்க வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கிற, பண்டாரவளையில் பேர் சொன்னால் தெரிகிற கொந்தராத்துக்காரர். அதாவது வேலை செய்பவர் அல்ல. வேலை செய்கிறவனை நிழலில் நின்று திட்டுபவர். சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிற அந்த மனிதர், இப்போது ஒரு வெல்டிங் மெஷினோடு வீட்டு முற்றத்தில் குடியிருந்தார்.

எல்லாம் மாமியாருக்காக.

விதுஷாவின் அம்மா பெரியாயி, பெரகல சந்திக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருக்கிறாள். கொழுந்து எடுக்கையில் சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. போன தடவை பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அழைத்துப்போகச் சென்றபோது, சதீஸ்குமாரின் கெப் வண்டி தோட்டத்துப் பாதையில் அடிவயிறு கல்லில் தட்டி நின்றுவிட்டது. கடைசியில் லயத்து ஆண்கள்தான் பெரியாயியைக் கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். கால் பூசணிக்காயாக வீங்கிப்போனது.

“இன்னொரு தடவ இப்படி ஆட்டிக்கிட்டு வந்தீங்கன்னா எலும்பு வெலகிரும். அப்புறம் இவங்க நடக்கவே மாட்டாங்க” என்று டொக்டர் கண்டித்து அனுப்பினார்.

அன்றைக்கே சதீஸ்குமார் சபதம் போட்டார்.

“இனிமே அத்தைய எவனும் தூக்கத் தேவையில்ல. ஸ்பிரிங்குக்கு அடியில இரும்புக் கட்ட வச்சு வெல்ட் பண்ணி, வண்டிய ஒரு சாண் ஒசத்துறேன் பாரு!”

“கராஜுல குடுத்தா செஞ்சு தரமாட்டாங்களா?”

“கராஜ்காரன நம்பலாமா? பாதிய ஒட்டிட்டு மீதிய பெயிண்ட் அடிச்சு மறைச்சிருவான். வேல எப்படி நடக்கும்னு எனக்கா தெரியாது?”

தெரியாது என்று யார் சொன்னது?

முதலில் பூந்தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்தார். தொட்டி வைப்பதற்கு முன்பே அது உட்கார்ந்துவிட்டது. அடுத்தது கோழிக்கூட்டுக் கதவு. அன்றைக்கே கோழிகள் ஊர் சுற்றக் கிளம்பின. மெஷினைப் போட்டால் தெருவிளக்கே மங்கியது. பக்கத்து வீட்டு ஸகீனா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள்.

“விதுஷா, ஒங்கட மனுசன் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்கட டீவி முடிஞ்சிடும்!”

மனிதர் விடவில்லை. கை கொப்பளித்தது, சட்டையெல்லாம் பொத்தல். ஒட்டிய இரும்பைச் சுத்தியலால் அடித்துப் பார்ப்பார். விட்டுப்போனால் மறுபடியும் ஒட்டுவார். ஒருநாள் எவ்வளவு அடித்தும் ஒட்டு விடவில்லை. சதீஸ்குமார் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்ததை விதுஷா முதல்முறையாகப் பார்த்தாள்.

வண்டி உயர்ந்தது. ஏறுவதற்கு விதுஷாவுக்கு முக்காலி தேவைப்பட்டது. வாய் திட்டினாலும் மனசு உருகித்தான் போனது. மாமியாருக்காகக் கண்ணைச் சுட்டுக்கொள்கிற மருமகன் எந்தக் கடையில் கிடைப்பான்?

கிளினிக் நாள் வந்தது. கல்லும் பள்ளமுமான பாதையில் கெப் எங்கேயும் தட்டாமல் லயத்து வாசல்வரை ஏறி நின்றது. கம்பளியோடு காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

“போன வருஷம் போட்ட ரோட்ட மழ அடிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த மழையையே ஜெயிச்சிட்டாரே நம்ம மாப்பிள்ள!” என்றார் பக்கத்துக் காம்பிரா வீட்டு அழகையா.

சதீஸ்குமார் அடக்கமாகச் சிரித்தார். பிறகு அடக்கம் தாங்காமல், எல்லாரையும் வண்டிக்கு அடியில் குனியவைத்து வெல்டிங்கை விளக்க ஆரம்பித்தார்.

காம்பிராவுக்குள் பெரியாயி மட்டும் கட்டிலைவிட்டு அசையவில்லை.

“நான் அதுல ஏறமாட்டேன். கம்பளியிலயே தூக்கச் சொல்லு.”

விதுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னாம்மா வெளையாடுறியா? டொக்டர் சொன்னது மறந்துபோச்சா? காலு போயிரும்மா! ஒனக்காக அந்த மனுசன் கண்ணையே பொசுக்கிக்கிட்டாரு. கொஞ்சமாச்சும் நன்றி இருக்கா ஒனக்கு?”

“மொதல்ல கதவ சாத்து.”

சாத்தினாள்.

“அழகையா சொன்னான்ல, ரோட்ட மழ அடிச்சுக்கிட்டுப் போச்சுன்னு? அப்படிச் சொல்லி வச்சது நான்தான்” என்றாள் பெரியாயி. “கஞ்சி ஊத்துன மாதிரி மேலால பூசிட்டுப் போனாங்க. செருப்புக் காலுக்கே பேந்திருச்சு. எந்தக் களவாணிப் பய கொந்தராத்து எடுத்தான்னு லயமே கொதிச்சுது. நான்தான் மழ மேல பழியப் போட்டு எல்லார் வாயையும் அடைச்சேன். என்னையத் தூக்குன பிள்ளைகளுக்கே பொய் சொல்லியாச்சு. அந்தப் பாரமே போதும், அந்த வண்டியில வேற ஏறச் சொல்லாத.”

“எவனோ களவெடுத்ததுக்கு நீ எதுக்கும்மா பொய் சொல்லணும்?”

பெரியாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கேட்டுவிடாதபடி குரலை இன்னும் தணித்தாள்.

“இந்த ரோட்டுக்குன்னு வந்த சீமெந்துலதான் ஒன் வீட்டு மேல்மாடி நிக்குது, தாயி.”